விசேட பேச்சாளர்: சபை ஊழியர் யதுர்ஷன்

தனுஷாவும் நானும் முதன்முதல் கதைத்தது சண்டையில்தான். எங்கள் பிரதேச சபையின் குப்பை உழவு இயந்திரம் வாவிக்கரை ஒழுங்கைக்குள் போய்க்கொண்டிருந்தது. நான் பின்பெட்டியில் நின்று வீட்டு வீடாகப் பைகளை வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் வந்து ஒரு பையை நீட்டினாள். உள்ளே மீன் செதில், சோடாப் போத்தல், உடைந்த கண்ணாடி, பழைய பேப்பர், எல்லாம் ஒன்றாய்க் கிடந்தன. எனக்கு வேறு எதற்கும் கோபம் வராது. இந்தக் கலப்பைக் கண்டால் மட்டும் மூக்குக்கு மேல் வரும்.

"என்ன புள்ள இது? சாம்பாறா?" என்று கேட்டேன்.

அவள் ஒரு அடிகூடப் பின்வாங்கவில்லை. "பிரிச்சுத் தந்தா மட்டும் என்ன செய்வீங்க? எல்லாத்தையும் ஒரே பெட்டிக்குள்ளதானே கொட்டுறீங்க? எட்டிப் பாருங்க."

எட்டிப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். பெட்டிக்குள் எல்லாம் ஒன்றாய்த்தான் கிடந்தன. உழவு இயந்திரம் ஓட்டும் ரிஸ்கான் முன்னால் இருந்து விழுந்து விழுந்து சிரித்தான். அன்றைக்கே அலுவலகத்துக்குப் போய்ச் சண்டைபிடித்துப் பெட்டிக்கு நடுவில் தடுப்புப் பலகை அடிப்பித்தேன். அடுத்த கிழமை அவளைக் கூப்பிட்டு அந்தப் பலகையைக் காட்டினேன். அவள் சிரித்தாள். அத்தோடு நான் சரி, விழுந்துவிட்டேன்.

கதையை ஏன் இழுப்பான்? கொஞ்ச நாளில் தொலைபேசி இலக்கம் வந்தது, பிறகு காதலும் வந்தது. அதற்குப் பின்னால்தான் அவள் பெரிய குண்டைத் தூக்கிப் போட்டாள். அவளுடைய அப்பா இராசதுரை, அந்த ஊரின் பெந்தெகொஸ்தே பாஸ்டர். தனுஷா குழந்தையாய் இருந்தபோது காய்ச்சலில் சாகக் கிடந்தாளாம். ஆஸ்பத்திரி வாட்டில் முழங்காலில் நின்று, இவள் பிழைத்தால் ஒரு சபை ஊழியனுக்குத்தான் கட்டிக்கொடுப்பேன் என்று ஆண்டவரிடம் பொருத்தனை பண்ணிவிட்டாராம்.

"வேற ஆரையும் பாக்கவே மாட்டார் யது. சொன்னாச் சொன்னதுதான்," என்று அழுதாள்.

நான் கத்தோலிக்கன். அதுவும் நத்தாருக்கும் பெரிய வெள்ளிக்கும் மட்டும் கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கன். எங்களுக்குக் கோயில், பங்கு, பாதர், அவ்வளவுதான். 'சபை' என்று காதில் விழுந்தால் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு சபை, எனக்கு வேலை தந்த பிரதேச சபை. பாஸ்டர் இராசதுரைக்கும் தெரிந்தது ஒரே ஒரு சபைதான். அது அவர் நடத்துகிற சபை, ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் பாடி ஆராதனை செய்கிற சபை. 'ஊழியர்' என்றாலும் அதே கதைதான். எனக்கு அது சம்பளப் பட்டியலில் இருக்கிற பெயர். அவருக்கு அது ஆண்டவர் அழைத்த ஆள். இந்த வித்தியாசம் எங்கள் மூன்று பேருக்கும் நேரத்துக்கு உறைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

தனுஷா சாப்பிடாமல் கிடந்து பார்த்தாள். கடைசியில் அப்பாவுக்கு முன்னால் போய் நின்று, கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னாளாம், "அப்பா, எனக்கு ஒராளைப் பிடிச்சிருக்கு. சபை ஊழியர்." பிரதேச சபை என்று விளக்கமாய்ச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் பாஸ்டர் எழும்பி நின்று, இரண்டு கையையும் தூக்கிப் பாடத் தொடங்கிவிட்டாராம்.

"அப்பா அழுதே போட்டார் யது! ஓம் எண்டுட்டார்! நான் சாப்பிடாமக் கிடந்ததுக்கு மனம் இளகிட்டார்!" என்று எனக்குத் தொலைபேசியில் எடுத்துச் சொன்னாள். அப்பாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்றுதான் அவளும் நம்பினாள். நான் ரிஸ்கானைக் கட்டிப்பிடித்து அந்த ஒழுங்கையிலேயே ஒரு சுற்றுச் சுற்றினேன். "விடுடா, நாறுறாய்," என்றான் அவன்.

அன்றைக்கு மத்தியானம் பாஸ்டரே எனக்குத் தொலைபேசி எடுத்தார். நான் சோற்றுப் பார்சலோடு எழும்பி நின்றுவிட்டேன்.

"தோத்திரம். தம்பி யதுர்ஷன்தானே? நான் தனுஷாட அப்பா கதைக்கிறன். மகள் சொன்னா. சபையில எத்தின வருசமா ஊழியம்?"

"ஆறு வருசம் ஐயா. போன வருசம்தான் நிரந்தரமாக்கினாங்க."

"நல்லம், நல்லம். பெரிய சபையோ?"

"பெரிசுதான் ஐயா. உறுப்பினர் மட்டும் முப்பதுக்குக் கிட்ட."

"முப்பதா?" அவர் குரலில் ஒரு சின்ன ஏமாற்றம். "பரவாயில்ல தம்பி. ஆக்கள் குறைவெண்டாலும் ஒற்றுமையா இருந்தாப் போதும்."

"அதுதான் ஐயா இல்லாதது. கூட்டத்துக்குக் கூட்டம் அடிபாடுதான். போன மாசம் ஒராள் கதிரையைத் தூக்கிட்டார்."

பாஸ்டர் நீளமாய்ப் பெருமூச்சு விட்டார். "எல்லாச் சபையிலயும் இதே கரைச்சல்தான் தம்பி. வீடு சந்திக்கப் போறனீங்களோ?"

"விடிய வெள்ளன இறங்கினா வீட்டு வீடாத்தான் ஐயா. சில இடத்தில நாயை அவிட்டு விடுவாங்க."

"ஐயோ, பாடுகள்!" என்றார். "எல்லாரிட வீட்டுக்கும் போறதோ? முஸ்லிம் ஆக்கள்ட?"

"ஓம் ஐயா. நாங்க ஆள் பாக்கிறல்ல. அவங்க எங்கட ஆக்கள விட ஒழுங்கு. நாங்க வாறதுக்கு முந்தியே வாசல்ல வந்து காத்துக்கொண்டு நிப்பாங்க."

 மறுமுனையில், "காத்துக்கொண்டு நிக்காங்களா!" என்று ஒரு நடுக்கம் கேட்டது. மனிதர் பொதுச் சுகாதாரத்தில் இவ்வளவு அக்கறை உள்ளவராய் இருக்கிறாரே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

அதற்குப் பிறகுதான் கேட்டார். வருகிற ஞாயிறு பின்னேரம் அவர்களுடைய வருடக் கூட்டம். கொழும்பிலிருந்து வர இருந்த பெயர்பெற்ற பேச்சாளருக்கு டெங்கு. ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது, பேஸ்புக்கில் நேரலையும் போகும். பேச ஆள் இல்லை. "நீங்க ஒரு அரை மணித்தியாலம் கதைக்க ஏலுமோ தம்பி?"

"நானா ஐயா? எதைப் பத்தி?"

"வேற எதைப் பத்தி? உங்கட ஊழியத்தைப் பத்தித்தான்."

இது எனக்குப் புதிதில்லை. கழிவு முகாமைத்துவ விழிப்புணர்வு என்று பள்ளிக்கூடத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் சபை என்னைத்தான் அனுப்பும். வாய் கொஞ்சம் நீளம் என்பதால்தான். "சாமான் எல்லாம் கொண்டுவரலாமா ஐயா?" என்று கேட்டேன்.

"தாராளமாக் கொண்டு வாங்க. எங்கட இடத்தில கரண்ட் பொயின்ற் எல்லாம் இருக்கு." நான் கித்தாரோடு வரப்போகிறேன் என்று அவர் நினைத்ததாகப் பிறகு தெரிய வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேட்டை அயன் பெட்டி போட்டு அழுத்தி, செங்கலடிச் சலூனில் தலைமயிர் வெட்டி, ரிஸ்கானின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறினேன். மடியில் பச்சை, நீலம், செம்மஞ்சள், சிவப்பு என்று நாலு பிளாஸ்டிக் வாளிகள். வாவிக் காற்று வாளிக்குள் புகுந்து ஊளையிட்டது. "பொண்ணு பாக்கப் போறவன் வாளியோட போறதை இண்டைக்குத்தான் பாக்கன்," என்றான் ரிஸ்கான். எனக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. வருகிற வருடம் இந்த நேரம் தனுஷா என் வீட்டில் இருப்பாள் என்று மட்டும் மண்டைக்குள் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

வாவிக்கரையில் தகரக் கூரை போட்ட மண்டபம். வாசலில் பெரிய பதாகை. அதில் என் முகம், பேஸ்புக்கில் கண்ணாடி போட்டுக்கொண்டு எடுத்த படம். கீழே, 'விசேட பேச்சாளர்: சபை ஊழியர் யதுர்ஷன்.' என் பதவியைக்கூடப் பிழையில்லாமல் போட்டிருக்கிறார்களே என்று பூரித்துப் போனேன். எங்கள் அலுவலகத்தில் ஆறு வருடமாக என் பெயரையே பிழையாகத்தான் எழுதுகிறார்கள்.

பாஸ்டர் இராசதுரை ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார். உயரமான, ஒல்லியான மனிதர். கண் கலங்கி இருந்தது. வாளிகளைப் பார்த்தவர் ஒரு கணம் யோசித்தார், பிறகு ஏதோ பெரிய விசயம் புரிந்ததுபோல மெதுவாய்த் தலையாட்டினார். அவரே இரண்டு வாளியை வாங்கிக்கொண்டு மேடைக்கு நடந்தார். மேடையின் ஓரத்தில் தனுஷா ஓகன் வாசித்துக்கொண்டிருந்தாள். நீலச் சீலை. ஐயோ, அவளைப் பார்த்ததும் நான் கொண்டுவந்த பேச்சில் பாதி மறந்துபோனது.

பாஸ்டர் ஒலிவாங்கியைப் பிடித்தார். "பிரியமானவங்களே, வாலிப வயசிலேயே தன்னைச் சபைக்கு ஒப்புக்குடுத்த ஒரு பிள்ளை இது." நான் ஒப்பந்த அடிப்படையில் வேலைக்குச் சேர்ந்ததைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். "விடியச் சாமத்தில எழும்பி, வீட்டு வீடாப் போய், நாய்க்கடியும் பட்டு, முஸ்லிம் சகோதரங்கள்ட வாசலுக்கும் போற ஊழியர். ஆண்டவர் இண்டைக்கு இவர் மூலமாத்தான் கதைக்கப் போறார்!"

ஓகன் 'ங்ஙே' என்று ஒரு சத்தம் போட்டு நின்றது. திரும்பிப் பார்த்தேன். தனுஷாவின் கண் இரண்டும் வாளி அளவுக்கு விரிந்திருந்தன. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாள். கையால் கழுத்தை அறுக்கிற மாதிரி ஏதோ காட்டினாள். வெட்கத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கிறாள் என்று எண்ணி நான் அவளுக்கு ஒரு கண்ணை அடித்தேன். அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

சனம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் கண்ணகை அக்கா இருந்தார். என் உழவு இயந்திரத்துக்குப் பை தருகிறவர், மீன் வியாபாரம் செய்கிறவர், வாய்க்குப் பூட்டில்லாதவர். தெரிந்த முகங்கள் இன்னும் பல. எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

"வணக்கம்," என்று தொடங்கினேன். "உங்க எல்லாரிட வீட்டிலயும் அழுக்கு இருக்கு. இல்லையெண்டு ஆராவது சொல்ல ஏலுமா?"

"ஆமென்!" என்றது மண்டபம்.

நான் திடுக்கிட்டேன். எங்கள் கோயிலில் பாதர் பிரசங்கம் செய்தால் ஆமென் சொல்ல ஒரு நேரம் இருக்கிறது. மற்றப்படி இருமுவதற்குக்கூடப் பயம். பள்ளிக்கூடங்களிலோ நான் கதைக்கும்போது பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். இங்கே முதல் வரிக்கே ஆமென்!

"அதை மூடி வைச்சா நாத்தம் போயிடும் எண்டு நினைக்கிறீங்க. போகாது. மூடி வைச்ச அழுக்கு பக்கத்து வீட்டுக்கும் நாறும்!"

"அல்லேலூயா!" பின்வரிசையில் ஒருவர் எழும்பியே விட்டார்.

எனக்குச் சன்னதம் வந்துவிட்டது. "இரவில ஆரும் பாக்கல்ல எண்டு பாலத்தில நிண்டு வாவிக்குள்ள எறியிறீங்க. அது போயிட்டு எண்டு நினைக்காதீங்க. காத்து மாறினா வாவி அவ்வளவையும் திருப்பி உங்கட கரைக்கே கொண்டுவரும்!"

 ஒரு சில தலைகள் குனிந்தன. எறிந்தவர்கள் யார் யார் என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

பாஸ்டர் பக்கத்தில் நின்று இரண்டாவது ஒலிவாங்கியில், "உவமையாலயே கதைக்கிறார் பாருங்க, உவமையாலயே!" என்று உருகினார்.

நான் பச்சை வாளியைத் தூக்கினேன். "இது உக்கிப் போறதுக்கு." செம்மஞ்சள் வாளியைத் தூக்கினேன். "இது எத்தின தலைமுறை போனாலும் உக்காததுக்கு. ரெண்டையும் கலக்காதீங்க! பிரிச்சு வையுங்க!"

"பரிசுத்தம்! வேறுபாடு!" என்று பாஸ்டர் முழங்கினார்.

"ஓம் ஐயா, வேறுபாடு! கலந்து தந்தா நாங்க எடுக்க மாட்டம். வாசல்லயே விட்டுட்டுப் போவம்."

"கைவிடப்படுவீங்க!" என்றார் பாஸ்டர். கண்ணீர் ஓடியது.

"சிலர் என்ன செய்யிறீங்க? எல்லாத்தையும் கூட்டி நெருப்பு வைக்கிறீங்க."

"அக்கினி!" பாஸ்டர் கையைத் தூக்கினார். "அக்கினி இறங்கட்டும்!"

"இல்ல ஐயா, இறங்கப்படாது," என்றேன் அவசரமாய். "எரிக்கிறது சட்டப்படி குற்றம்."

அவர் கை அந்தரத்தில் நின்றது. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். இதற்குள் ஏதோ ஆழமான கருத்து இருக்கிறது என்று முடிவுசெய்து மெல்லக் கையை இறக்கினார். வாசலில் நின்ற ரிஸ்கான் மோட்டார் சைக்கிள் இருக்கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பதைக் கண்டேன். என்மேல் பொறாமைப்படுகிறான் என்று எண்ணிக்கொண்டேன்.

"நாங்க வந்து மணி அடிப்பம். கதவைத் திறக்கிறதோ விடுறதோ உங்கட கையில!" என்று முடித்தபோது மண்டபம் முழுக்க எழும்பி நின்று கைதட்டியது. என் வாழ்க்கையில் யாரும் எனக்கு எழும்பி நின்று கைதட்டியதில்லை. தலை கிறுகிறுத்தது. இப்படிப் பேசிய மருமகனுக்குப் பெண் கொடுக்காத மாமனார் உலகத்தில் இருப்பாரா?

பாஸ்டர் ஒலிவாங்கியில், "இந்த ஊழியரிட்டத் தேவையுள்ள ஆக்கள் முன்னுக்கு வாங்க," என்றார்.

சனம் வந்தது. சும்மா வரவில்லை, தள்ளிக்கொண்டு வந்தது. வரிசை மண்டபத்துக்கு வெளியேயும் நீண்டது. பாஸ்டர் என் காதில், "இவ்வளவு காலத்தில என்ட பிரசங்கத்துக்கு இப்பிடி ஒரு வரிசை வந்ததில்ல தம்பி," என்றார். அந்தக் குரலில் கொஞ்சமும் எரிச்சல் இல்லை, சந்தோசம்தான் இருந்தது. பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்து என் உள்ளங்கையில் ஒலிவ எண்ணெயை ஊற்றினார்.

"இது என்னத்துக்கு ஐயா?"

"தலையில கைவைச்சு ஜெபியுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உறைத்தது என்றால் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை உறைத்தது. சபை, ஊழியர், ஆமென், தனுஷாவின் கழுத்தறுப்பு, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாய் வந்து விழுந்தன. அவளைப் பார்த்தேன். அவள் ஓகனுக்கு மேலால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், ஆசை வந்தது. கண்ணை மூடி, 'கர்த்தாவே' என்று தொடங்கி வாயில் வருவதைச் சொன்னால் போதும். தனுஷா எனக்கு. கையைத் தூக்கினேன். எண்ணெய் முழங்கைவரை வழிந்து வெள்ளைச் சேட்டில் ஊறியது. வரிசையில் முதல் ஆளாகக் கண்ணகை அக்கா நின்றார். தலையைக் குனியாமல் நேராய் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாஸ்டர் என்னை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நம்பிக் கண்ணை மூடியிருக்கிற ஒரு மனிதரை எப்படி ஏமாற்றுவது? என்னால் ஏலாமல் போய்விட்டது.

"ஐயா, மன்னிச்சுக்கொள்ளுங்க," என்றேன். ஒலிவாங்கி வேலை செய்துகொண்டிருந்தது, சத்தம் வாவிக்கு அந்தப் பக்கம்வரை போயிருக்கும். "நான் ஊழியர்தான். ஆனா பிரதேச சபை. குப்பை ஏத்துற உழவு மிசின்ல போறவன். எனக்கு ஜெபிக்கத் தெரியாது. நான் கதைச்சது உண்மையாவே குப்பையைப் பத்தித்தான்."

பாஸ்டர் கண்ணைத் திறந்தார்.

"தெரியும்தானே மனே," என்றார் கண்ணகை அக்கா. "எனக்கென்ன கண்ணில்லையா? இப்ப கொஞ்ச நாளா எங்கட ஒழுங்கைக்கு வராம நீங்க பாலத்தடியோட கிறுகித் திரும்பிப் போறீங்க. அதைக் கேக்கத்தான் முதல் ஆளா வந்து நிக்கன்."

"எனக்குப் பச்சை வாளி ஒண்டு கிடைக்குமா?" என்றது வரிசையில் அடுத்த குரல்.

"வாய்க்காலுக்குள்ள மாடு ஒண்டு செத்துக் கிடக்கு தம்பி," என்றது அதற்கு அடுத்தது.

மண்டபம் வெடித்தது. அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. கதிரை பிடித்துச் சிரித்தார்கள், ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். சுவிசிலிருந்து நேரலை பார்த்துக்கொண்டிருந்த பாஸ்டரின் தங்கச்சி சிரிக்கிற முகங்களாக அனுப்பித் தள்ளினாராம். பாஸ்டர் மட்டும் எண்ணெய்ப் போத்தலோடு நடுவில் நின்றார்.

"அப்ப உங்க எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியாம என்ன பாஸ்டர்? கிழமைக்குக் கிழமை வாறவர்தானே."

"அப்ப மறுகா ஏன் அல்லேலூயா சொன்னீங்க?"

"உண்மையைச் சொன்னா அல்லேலூயா சொல்லுறதுதானே," என்றார் பின்வரிசைக்காரர். அவர்தான் பாலத்தில் நின்று எறிகிறவர் என்று இப்போதும் எனக்குச் சந்தேகம்.

பாஸ்டர் மகளிடம் திரும்பினார். "நீ சபை எண்டு சொன்னாய்."

"சபைதானே அப்பா! பிரதேச எண்டு சொல்ல நீங்க எங்க விட்டீங்க? எழும்பிப் பாடத் தொடங்கிட்டீங்க!"

மறுபடியும் சிரிப்பு. ஆனால் பாஸ்டர் கையை உயர்த்த அது அடங்கியது. அவர் முகம் சிவந்திருந்தது. "பகிடியில்ல," என்றார். "சாகக் கிடந்த பிள்ளையை வைச்சு நான் ஆண்டவருக்கு வாக்குக் குடுத்தனான். தம்பி, நீங்க நல்ல பிள்ளை. அது தெரியுது. ஆனா குடுத்த வாக்கை என்னால மாத்த ஏலாது."

 அவ்வளவுதான், முடிந்தது என்று வாளிகளை ஒன்றுக்குள் ஒன்றாய் அடுக்கத் தொடங்கினேன். கை வழுக்கியது. தனுஷா ஓகனை விட்டு எழும்பி வந்து, எல்லாருக்கும் முன்னால், என் பக்கத்தில் நின்றாள்.  மற்ற இரண்டு வாளியையும் எடுத்தாள்.

"பொறுங்க பாஸ்டர்," என்றார் கண்ணகை அக்கா. "அண்டைக்கு அந்த வாட்டில என்ட மூத்தவனோட நானும் நிண்டனான். நீங்க சத்தமாத்தான் ஜெபிச்சீங்க. என்ன சொன்னீங்க? அப்பிடியே ஒருக்காச் சொல்லுங்க."

"சபைக்கு ஊழியம் செய்யிற ஒருத்தனுக்கு இவளைக் குடுப்பன் எண்டு சொன்னன்."

"எந்தச் சபை எண்டு சொன்னீங்களா?"

பாஸ்டர் போத்தலின் மூடியைத் திருகி மூடினார். வேறு ஒருவராயிருந்தால் சொன்னேன் என்று சொல்லியிருப்பார், யாருக்குத் தெரியும்? அவர் நேர்மையான மனிதர். "சொல்லல்ல," என்றார். "ஆனா நான் எந்தச் சபையை நினைச்சன் எண்டு ஆண்டவருக்குத் தெரியும்."

"அவருக்கு எல்லாம் தெரியும். அப்ப இவன் வருவான் எண்டும் அவருக்கு அண்டைக்கே தெரிஞ்சிருக்கும்தானே?"

 பாஸ்டர் தகரக் கூரையை அண்ணாந்து பார்த்தார். அங்கே அவருக்கு என்ன கேட்டதோ எனக்குத் தெரியாது. திரும்பி என்னிடம் வந்தார்.

"நீங்க சும்மா கையை வைச்சு ஏதாவது முணுமுணுத்திருந்தா நான் நம்பியிருப்பன். மகளையும் தந்திருப்பன். ஏன் தம்பி சொன்னீங்க?"

"நீங்க கண்ணை மூடிக்கொண்டு நிண்டீங்க ஐயா," என்றேன்.  கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதோட நாளைக்குத் திங்கள். விடிய உங்கட வாசலுக்கு நான்தான் வருவன்," என்றேன்.

"நான் அந்த நேரம் ஜெபத்தில இருக்கிறனான். ஒரு நாளும் வெளிய வந்து பாத்ததில்ல." எண்ணெய் வழிகிற என் கையைப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துவாயை எடுத்து அந்தக் கையைத் துடைத்துவிட்டார். விரல் விரலாய்த் துடைத்தார். "நாளைக்கு வாறன். மிசினை வாசல்ல நிப்பாட்டிப் போட்டு நீங்களும் உள்ளுக்கு வாங்க. இருந்து கதைப்பம்."

ஆறு வருடமாக வீட்டு வீடாகப் போகிறேன். உள்ளுக்கு வாங்க என்று இதற்கு முன் ஒருவரும் சொன்னதில்லை. அரை மணித்தியாலம் மூச்சு விடாமல் கதைத்த நான் பாஸ்டரின் துவாயை வாங்கி மடித்துக்கொண்டே நின்றேன். 

தனுஷாதான் பதில் சொன்னாள்.

"வருவார் அப்பா. ஒரு திங்களும் விட்டதில்ல."